மான் தின்ற படிவம்

எங்கள் பாடசாலை மலரில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று நான்கு பக்கம் ஒதுக்குவது வழக்கம். இந்த வருடம் ஒருவரும் ஓய்வு பெறவில்லையாம். ஆகவே, பிரதேச செயலகத்துக்கு மாறிப்போன என்னை அந்தப் பக்கங்களில் போடுவதென்று முடிவெடுத்திருக்கிறார்கள். எனக்கு வயது முப்பத்து நான்கு.

என் கதிரைக்கு வந்திருக்கும் புதிய உத்தியோகத்தர்கள் இரண்டு பேரும் செயலகத்துக்கே வந்து கேட்டார்கள்.

"அண்ணை, ஏழு வருசம் நீங்கள்தானே ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் மீடியப் படிவம் பாத்தனீங்கள். தாய் தேப்பன் வந்து, 'சேர், பிள்ளையை எதில விட? நீங்களே சொல்லுங்கோ' எண்டு கேட்டா என்ன சொல்லுறது?"

"புவனேஸ்வரி மிஸ் ஒண்டும் சொல்லித் தரேல்லையோ?"

"மிஸ் இப்ப வலயக் கல்விக் கந்தோருக்குப் போயிட்டா. படிவமும் இப்ப போனிலதான் அண்ணை. அமத்தின உடன வந்து சேருது. மூண்டு நாள் கதையெல்லாம் இல்லை."

அவர்களுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பதில் சொல்லவில்லை. பதில் தெரியாதது ஒரு காரணம். மற்றது, தெரியாமலே ஒருமுறை பதில் சொன்னவன் நான்.

நான் குச்சவெளிப் பக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள். அப்பா எழுத்துக் கூட்டப் பழக முன்னமே களப்பில் இறாலுக்கு இறங்கிவிட்டார். அம்மாவுக்கு அதுவும் இல்லை. தமிழில் படித்து, தமிழில் சோதனை எழுதிப் பல்கலைக்கழகம் போனேன். முதல் நாள் விரிவுரையே ஆங்கிலத்தில். விரிவுரையாளர் என்னவோ சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எதற்கென்று இன்றுவரை தெரியாது. முதலாம் வருடம் முழுவதும் மற்றவர்கள் சிரித்த பிறகு சிரித்துக்கொண்டே கழிந்தது. ஒருமாதிரிப் பட்டம் கிடைத்து, இரண்டு வருடம் வீட்டில் இருந்து, அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று நியமனம் வந்தது. துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் இந்தப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். இந்த வேலைக்கு எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

இங்கே ஆறாம் வகுப்பில் ஒரு பிரிவு இருமொழிப் பிரிவு. கணிதம், விஞ்ஞானம் போன்றவை ஆங்கிலத்தில், தமிழும் சமயமும் வரலாறும் தமிழில். கிழமைக்கு ஒரு பாடவேளை வேறு நாட்டுப் பள்ளிக்கூடமொன்றின் பிள்ளைகளோடு கணினியில் கதைப்பார்கள். பெற்றார் அதை இங்கிலீஷ் மீடியம் என்பார்கள். முப்பத்தைந்து பிள்ளைகளுக்குத்தான் இடம். மற்றவர்கள் தமிழ்மொழிப் பிரிவுகளுக்குப் போவார்கள்.

சேர்க்கை முழுவதும் பகுதித் தலைவர் புவனேஸ்வரி மிஸ்ஸின் கையில். அவவுக்கு உதவியாக நான். மஞ்சள் தாளில் ஒரு படிவம். முதலாம் பகுதியில் விபரங்கள். இரண்டாம் பகுதியில் பெற்றாரின் சம்மதம். மூன்றாம் பகுதியில் இரண்டே இரண்டு கோடு, 'இந்தப் பிரிவில் படிக்க விருப்பமா, ஏன்?' என்று. அதைப் பிள்ளை தன் கையால் எழுதவேண்டும். படிவத்தை வாங்கிய அன்றே நிரப்பித் தந்தால் மிஸ் தொடமாட்டா. "மூண்டு நாள் வீட்டில கிடக்கட்டும். பிள்ளை அதைப் பாத்துக்கொண்டு சாப்பிடட்டும்" என்பா.

திரும்பி வந்த படிவங்களை மிஸ் வாசிக்கும் முறையை இன்றைக்கும் என்னால் அப்படியே செய்து காட்ட முடியும். முதலில் மேசையைத் துடைப்பா. பிறகு மேசை லாச்சியைத் திறந்து, கோடு போடும் மர அடிமட்டத்தை எடுத்து, ஆரின் பிள்ளை என்று தெரியாமல் இருக்க, படிவத்தின் பெயர் இருக்கும் இடத்தில் வைப்பா. பிறகு மூன்றாம் பகுதியை மட்டும் வாசிப்பா. 'எனது ஆங்கில அறிவை விருத்தி செய்துகொள்ளும் பொருட்டு' என்று இருந்தால் உதட்டைச் சுழிப்பா.

"இது தேப்பன் எழுதினது. பிள்ளையைக் கூப்பிடுங்கோ தம்பி."

'சிநேகிதி அதில சேருறாள்' என்று இருந்தால் சிரித்துக்கொண்டு ஒரு பக்கம் வைப்பா. 'எனக்குத் தெரியாது' என்று எழுதும் பிள்ளைகளும் வருடத்துக்கு நாலைந்து பேர் உண்டு. அவர்களைக் கூப்பிட்டு, முன்னால் இருத்தி, அரைமணித்தியாலம் வேறு ஏதோ கதைப்பா. நாய் வளர்க்கிறியா, கடலில குளிச்சிருக்கிறியா என்று. கடைசியில் அந்தப் பிள்ளைகளை எந்தப் பிரிவில் போட்டா, எதை வைத்துப் போட்டா என்று எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. கேட்டால், "எனக்கும் வடிவாத் தெரியாது தம்பி" என்பா.

என்னைக் கேட்டால், அப்போது எல்லாப் பிள்ளைகளையும் ஆங்கிலத்தில் தள்ளிவிட்டிருப்பேன். சிரிப்பு விளங்காமல் சிரித்த வருடத்தை நான் மறக்கவில்லை.

இரண்டாம் வருடம், படிவம் எடுக்கும் கடைசி நாள். பதினொன்றரை மணியிருக்கும். ஒருவர் ஓடி வந்தார். கட்டைபறிச்சானிலிருந்து, மூதூரில் போட் ஏறி வந்திருக்கிறார். யோகராசா, மீன்பிடிகாரர். மகள் தர்சிகா புலமைப்பரிசிலில் சித்தியடைந்து எங்கள் பாடசாலைக்குத் தெரிவானவள். முதற்கிழமை படிவம் வாங்கிக்கொண்டு போன ஆள்தான். இப்போது கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் ஈரமாய் அரைத் துண்டு மஞ்சள் தாள்.

"சேர், மான் திண்டிட்டுது."

இந்த ஊரில் அது நடக்காத காரியமல்ல. பஸ் நிலையத்தடியில் திரியும் மான்கள் சோறு கட்டும் லஞ்ச்சீற்றிலிருந்து லொத்தர் சீட்டுவரை தின்னும். தேத்தண்ணிக் கடை வாங்கில் பையை வைத்துவிட்டு முகம் கழுவப் போயிருக்கிறார். பைக்குள் பசிக்குச் சாப்பிட வாங்கிய பணிசும் இருந்திருக்கிறது.

"பணிசைத் திண்டுட்டு விட்டிருந்தா பரவாயில்லை சேர். பிள்ளையின்ர எழுத்தையும் சேத்தெல்லோ திண்டுட்டுது."

முதல் இரண்டு பகுதியும் அப்படியே இருந்தன. மூன்றாம் பகுதி மானின் வயிற்றில்.

"பிள்ளை என்ன எழுதினவள்?"

"எனக்கு வாசிக்கத் தெரியாது சேர். ஏதோ எழுதினவள். நல்லதாத்தான் எழுதியிருப்பாள்."

"போன் போட்டுக் கேளுங்கோ."

"வீட்டில இருக்கிறது ஒரு போன். அது இந்தா, என்ர கையில."

"கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே?"

"அவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. போட்டில ஏறினாச் சத்தி எடுப்பாள்" என்று சொல்லிவிட்டு, மீன்பிடிகாரனின் மகளுக்கு இப்படியா என்று நான் நினைக்கக்கூடும் என்று வெட்கப்பட்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சேர், நீங்கள் படிச்சனீங்கள். எது நல்லமெண்டு உங்களுக்குத் தெரியும். நீங்களே பாத்துச் செய்யுங்கோ."

பன்னிரண்டு மணிக்கு மிஸ் லாச்சியைப் பூட்டிவிடுவா. அவ அதிபரோடு கூட்டத்தில் இருந்தா. கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் இன்னொரு நாள் தந்திருப்பா என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நான் தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றவரில் என் அப்பாவைப் பார்த்தேன். நானே செய்துவிடுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

புதுப் படிவம் எடுத்தேன். முதல் இரண்டு பகுதியையும் நிரப்பி, கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம் வாங்கி, அவரை அனுப்பினேன். பிறகு பேனையை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். மிஸ் எதை ஒதுக்குவா, எதைப் பார்த்துச் சிரிப்பா என்று எனக்கு அத்துப்படி. ஒரு பிள்ளை எழுதுவது போலவே எழுதினேன்: 'துறைமுகத்துக்கு வாற கப்பல் ஆக்கள் என்ன கதைக்கினம் எண்டு எனக்கு விளங்கவேணும். விளங்கினா அப்பாவுக்குச் சொல்லுவன்.'

மிஸ் அடிமட்டத்தை வைத்தா. வாசித்தா. இன்னொருமுறை வாசித்தா.

"பாத்தீங்களோ தம்பி, இதுதான் பிள்ளை எழுதினது!"

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. மிஸ் அதை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்தா. அதிபருக்கு அது பிடித்துப்போனது. பிறிஸ்டல் போர்டில் பெரிய எழுத்தில் எழுதுவித்து, வாசலில் இருக்கும் அறிவித்தல் பலகையில் போடச் சொன்னார். குத்தூசி அடித்தவன் நான்தான்.

பெயர் போடவில்லை. ஆனாலும் தவணை தொடங்கி ஒரு கிழமைக்குள் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிட்டது. தர்சிகா நகரத்தில் சித்தி வீட்டிலிருந்து வந்தாள். முதல் நாள் சிற்றுண்டிச்சாலையில், "மீன் பணிஸ் எண்டு சொல்லித் தாறியள், மீன் எங்க? நான் மீன்காரன்ர மகள், என்னை ஏமாத்தாதேங்கோ" என்று அவள் வழக்காடியதை நான் கேட்டுக்கொண்டு போனேன். நல்ல பிள்ளை, பொருத்தமான இடத்தில்தான் போட்டிருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

இரண்டு மாதம் போனது. கணிதம் படிப்பிக்கும் றிஸ்வான் என் மேசைக்கு வந்தான். கிண்ணியாக்காரன், என் வயது, பகிடிக்காரன். அன்றைக்குப் பகிடி விடவில்லை.

"மச்சான், உங்கட கப்பல் புள்ள வாயே திறக்குதில்ல. இங்கிலீஷ்ல கேட்டாலும் இல்ல, தமிழ்ல கேட்டாலும் இல்ல. கணக்கு மட்டும் செய்யுது."

"பழகட்டும். நானும் அப்பிடித்தான் இருந்தனான்."

"நீ ஒரு மூலையில இருந்திருப்பாய். இந்தப் புள்ளய எல்லாரும் எழுப்பி எழுப்பிக் கேக்கிறாங்கள். 'நீதானே கப்பல் ஆக்களோட கதைக்கப் போறனீ, எங்க, ஒருக்காக் கதை பாப்பம்' எண்டு."

நான் மேசையில் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

அடுத்த கிழமை துறைமுகத்துக்கு வந்த வெளிநாட்டுக் கப்பலொன்றிலிருந்து சிலர் நூலகத்துக்குப் புத்தகம் கொடுக்க வந்தார்கள். மண்டபத்தில் எல்லாப் பிள்ளைகளும். அதிபர் தர்சிகாவைக் கூப்பிட்டு மேடையில் நிறுத்தி, பலகையில் இருந்த வசனத்தை ஆங்கிலத்தில் அவர்களுக்குச் சொன்னார். அவர்கள் கைதட்டினார்கள். வெள்ளைச் சீருடை போட்ட ஒருவர் அவளுக்கு முன்னால் குந்தி இருந்து, மெதுவாகப் பெயரைக் கேட்டார். பெயர் என்ன என்ற கேள்வி அவளுக்கு விளங்கும். முதலாம் வகுப்பிலிருந்தே விளங்கும். அவள் சொல்லவில்லை. அவர் இன்னொருமுறை கேட்டார். பின்வரிசையில் ஆரோ சிரித்தார்கள். மற்றவர்களும் சிரித்தார்கள். தர்சிகாவும் சிரித்தாள், எல்லாரும் சிரித்த பிறகு.



பின்னேரம் கந்தோர் வாசலில் வந்து நின்றாள்.

"சேர், பலகையில இருக்கிறதை ஆர் எழுதினது? எல்லாரும் நான் எண்டு சொல்லீனம். நான் அப்பிடி எழுதேல்லை."

"நீ என்ன எழுதினனீ?"

"எனக்குத் தெரியாது. அப்பாட்டக் கேளுங்கோ."

"அப்பாட்டக் கேட்டனான் பிள்ளை. அவருக்கு வாசிக்கத் தெரியாதாம்."

"இல்லை சேர்" என்றாள், விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோல. "அதைத்தான் எழுதினனான். 'எனக்குத் தெரியாது. அப்பாட்டக் கேளுங்கோ.' அப்பா உங்களைக் கேக்கவேணுமெண்டு சொன்னவர். நீங்கள் ஆரைக் கேட்டனீங்கள்?"

நான் ஒருவரையும் கேட்கவில்லை. அதை அவளுக்குச் சொன்னேன். அந்த வசனத்தை இடது கையால் எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை, கோபிக்கவில்லை. என் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை மிஸ்ஸிடம் சொன்னேன். ஏசுவா என்று நினைத்தேன். அவ மேசையைத் துடைத்தா. அலுமாரியைத் திறந்து அந்த வருடத்து முப்பத்தைந்து படிவத்தையும் எடுத்தா. தர்சிகாவின் படிவத்தில் அடிமட்டத்தை வைத்து, மூன்றாம் பகுதியைப் பார்த்துக்கொண்டே இருந்தா.

"இடக்கையாலயோ எழுதினீங்கள்?"

"ஓம் மிஸ்."

"எனக்காகத்தானே எழுதினீங்கள். நான் சிரிப்பன் எண்டு."

அவ மற்றப் படிவங்களையும் ஒவ்வொன்றாகப் பிரட்டினா. பாதியில் நிறுத்தினா.

"இப்ப இதில எதைப் பிள்ளை எழுதினது, எதைப் பெரியாக்கள் எழுதினது எண்டு எனக்கே தெரியேல்லை தம்பி. இவ்வளவு காலமும் தெரியுமெண்டு நினைச்சுக்கொண்டிருந்திட்டன்."

முதலாம் தவணை முடியும்வரை பிரிவு மாறலாம் என்பது எங்கள் பாடசாலை வழக்கம். பத்து நாள் இருந்தது. மிஸ் ஒரு புதுப் படிவம் எடுத்துத் தந்தா. தர்சிகா அதை வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும், மூன்று நாள் வைத்திருக்கவேண்டும், தானே எழுதவேண்டும். இருந்தாலும் சரி, மாறினாலும் சரி. என்னிடம் ஒன்றுதான் சொன்னா: "நீங்கள் ஒண்டும் சொல்லக்கூடாது."

மூன்றாவது நாள் இறங்குதுறையில் யோகராசா என்னைப் பிடித்துக்கொண்டார். நடந்ததெல்லாம் மகள் சொல்லியிருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை உதறினார்.

"அதை விடுங்கோ சேர். நல்லதுக்குத்தானே செய்தனீங்கள். இப்ப சொல்லுங்கோ, பிள்ளை அதில இருக்கிறதோ, மாறுறதோ?"

"நான் சொல்லக்கூடாது அண்ணை. அவள்தான் எழுதவேணும்."

"அவளுக்குப் பதினொரு வயசு சேர்."

"எண்டாலும்."

அவர் முகம் மாறியது. அதுவரை அவர் என்னோடு உரத்துக் கதைத்ததில்லை.

"நாளைக்கு நீங்கள் வந்து, 'யோகராசா, எந்தப் பக்கம் வலை விடுறது, காத்து மாறுமோ' எண்டு கேட்டா, 'அது உங்கட விருப்பம் சேர்' எண்டு சொல்லிப்போட்டு நான் நிக்கலாமோ? கடலுக்குப் போற ஆளை அப்பிடி விடேலாது. தெரிஞ்சவன் சொல்லவேணும். படிச்ச நீங்களே வாயை மூடினா நான் ஆரிட்டப் போறது? மானிட்டயோ?"

போட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் போய் ஏறினார். எழுதியது பிழை என்றால் சொல்லாமல் விட்டது சரியாக இருக்கவேண்டும் அல்லவா? அப்படி இருக்கவில்லை. இரண்டுமே பிழைபோலத்தான் இருந்தது. ஏழு வருட வேலையில் எனக்கு விளங்காத விசயம் ஒன்று சொல்லுங்கோ என்றால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்த நாள் தர்சிகா படிவத்தை மிஸ்ஸின் மேசையில் வைத்தாள். மிஸ் அடிமட்டத்தை எடுக்கவில்லை. வாசித்துவிட்டு என் பக்கம் தள்ளினா. இரண்டு கோட்டுக்குள் நெருக்கி எழுதியிருந்தது: 'நான் இந்த வகுப்பிலேயே இருக்கிறேன். அந்தப் பலகையில் இருக்கிறதைக் கழட்டுங்கோ.'

"ஏன் இருக்கிறாய் மகள்?" என்று மிஸ் கேட்டா.

"றிஸ்வான் சேரின்ர கணக்கு விளங்குது மிஸ். மற்றது..." கொஞ்சம் யோசித்தாள். "மற்றது தெரியாது."

நான் போய்க் குத்தூசிகளைக் கழற்றினேன். அதிபர் கேட்டபோது, வெயிலில் மங்கிவிட்டது என்று மிஸ் சொன்னா. அவ பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு ஒரு வருடம், நான் எந்தத் தாளைக் கொண்டுபோய் வைத்தாலும், "இது ஆர் எழுதினது?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டா.

பிறகு தர்சிகா கெட்டிக்காரியாகி மேடையில் ஆங்கிலத்தில் முழங்கினாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தவணையில் வாய் திறந்தாள். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். கணிதத்தில் நல்ல புள்ளி, விஞ்ஞானத்தில் நடுத்தரம். அவளோடு புலமைப்பரிசிலில் வந்து தமிழ்மொழிப் பிரிவுக்குப் போன சிநேகிதி விஞ்ஞானத்தில் வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தாள். நான் வருடா வருடம் இரண்டு புள்ளி அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒரு வருடம் ஒரு மாதிரித் தோன்றும், அடுத்த வருடம் வேறு மாதிரித் தோன்றும்.

இந்த வருடம் அவள் பதினோராம் வகுப்பில் சாதாரண தரச் சோதனை முடித்துவிட்டாள். போன கிழமை யோகராசா போன் எடுத்தார். கோபம் எப்போதோ ஆறிவிட்டது. வருடத்துக்கு இரண்டுமுறை கருவாடு அனுப்புகிறவர்.

"சேர், உயர்தரத்துக்கு என்ன எடுக்கிறது? கணிதமோ, வணிகமோ? தமிழிலயோ, இங்கிலீஷிலயோ?"

"பிள்ளை என்ன சொல்லுறாள்?"

"பிள்ளை உங்களைக் கேக்கச் சொல்லுறாள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பயமும் வந்தது. போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.

"சொல்லுங்கோ சேர்" என்றாள். பின்னால் கோழிச் சத்தம் கேட்டது.

எனக்குத் தெரிந்ததை முழுதாகச் சொன்னேன். எந்தப் பாடத்துக்கு எந்தப் பல்கலைக்கழகம், எதில் ஆங்கிலம் கட்டாயம், எதில் இல்லை, நான் முதலாம் வருடம் எப்படி இருந்தேன், எல்லாம். அவள் அப்பா வலையைப் பற்றிச் சொன்னது என் காதுக்குள் இருந்தது. ஆனால், எதை எடு என்று சொல்ல வாய் வந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

"கடைசியில எது நல்லம் சேர்?"

"எனக்குத் தெரியாது தர்சிகா."

"முந்தியும் தெரியாமத்தான் எழுதினீங்களோ?"

"ஓம்."

அவள் கோழியைக் கலைக்கும் சத்தம் கேட்டது.

"நல்லாத்தான் எழுதினீங்கள்" என்றாள். "நானே எழுதினனானோ எண்டு இடைக்கிட யோசிக்கிறனான்."

இதையெல்லாம் மலருக்கு எழுதலாமா, பெயரை மாற்றிவிடுகிறேன் என்று கேட்டேன். மூன்று நாள் தரச் சொன்னாள். நான்காம் நாள் செய்தி வந்தது. அதைத்தான் புதிய உத்தியோகத்தர்கள் இருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன். மலர் வெளிவந்ததும் நல்ல பக்கங்களை வாசலில் ஒட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த நான்கு பக்கத்தையும் விட்டுவிடுங்கள். அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

'எழுதுங்கோ சேர். பலகையில மட்டும் ஒட்டாதேங்கோ.'